எங்கள் சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் எங்கே?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒரு மாணவி)

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் வரலாற்றுக்கென்று பத்துப் பாடங்கள் உள்ளன. முதல் பாடம் முதல் உலகப் போர். அடுத்தது இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட உலகம். பிறகு இரண்டாம் உலகப் போர், அதன் பின் வந்த உலகம். ஆக, முதல் நான்கு பாடங்கள் வரை கடல் கடந்த நாடுகளிலேயே இருக்கிறோம். ஐந்தாம் பாடத்தில்தான் தாயகம் திரும்புகிறோம். சீர்திருத்த இயக்கங்கள், தமிழகத்தில் ஆங்கிலேயரை எதிர்த்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள், தேசியத்தின் தோற்றம், காந்தியடிகளின் காலம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், சமூக மாற்றங்கள் என்று பத்தாம் பாடத்தில் புத்தகம் முடிகிறது.

இந்தப் பாடங்கள் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. வேலு நாச்சியாரைப் படித்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஹிரோஷிமாவைப் படித்த அன்று மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் என்ன நடந்தது என்று எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம்.

ஆனால் 1956 நவம்பர் 23 அன்று அரியலூரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் பதில் வராது. அரியலூரிலிருந்தே வரும் தோழியருக்கும் "ஏதோ ரயில் கவிழ்ந்ததாம், தாத்தா சொல்லுவார்" என்பதற்கு மேல் தெரியவில்லை. பெரம்பலூர்த் தோழியரோ, "எங்கள் ஊருக்கு இன்றுவரை ரயிலே வரவில்லை, எங்களைக் கேட்டால் எப்படி?" என்று தப்பித்துக் கொண்டார்கள்.

நடந்தது இதுதான். அன்று ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது. கடும் மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில், விடியும் முன் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போயிற்று. நடுவில் மருதையாறு. மற்ற நாட்களில் மணல்தான் தெரியும் என்று நாம் அலட்சியமாகப் பார்க்கிற அதே மருதையாறு அன்று இரு கரையும் புரண்டு ஓடியது. பாலத்தை ஒட்டிய கரையை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதன் பின்னால் வந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உறங்கிக் கொண்டிருந்தவர்கள்.

அப்போது மத்திய ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போதே அவர் பதவி விலக முன்வந்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர், ரயிலை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் துறை என்னுடையது, பொறுப்பும் என்னுடையதே என்று விலகினார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். இன்றும் நாட்டில் எங்கே பெரிய ரயில் விபத்து நேர்ந்தாலும், நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் யாராவது ஒருவர் சாஸ்திரியின் பெயரை எடுக்கிறார். அதாவது, அரியலூரின் பெயரை எடுக்காமலே அரியலூரைப் பற்றிப் பேசுகிறார்!

இதில் இல்லாத பாடம் என்ன? வெள்ளம் பாலத்தை எப்படி அரிக்கும் என்பது அறிவியல். அமைச்சர் யாருக்குப் பொறுப்பு என்பது குடிமையியல். இறந்தவர்கள் யார், எந்தெந்த ஊர்க்காரர்கள், கரையோரக் கிராமத்து மக்கள் அன்று காலை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் சரித்திரம். இத்தனையும் நம் வாசலில் கிடக்க, நாம் அதைத் தாண்டிக் கொண்டு வெர்சேல்ஸ் மாளிகைக்குப் போகிறோம். (இடையில் ஒரு செய்தி: அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உதயமானது 2007-ஆம் ஆண்டு, அதே நவம்பர் 23-இல். மாவட்டத்தின் பிறந்தநாளும் அந்த விபத்தின் நினைவுநாளும் ஒரே நாள் என்பதை எத்தனை பேர் அறிவோம்?)

ஒரு பாடநூலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது எளிதன்று என்பதை நாங்கள் உணர்கிறோம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். பொதுத்தேர்வு எல்லோருக்கும் ஒன்று. கன்னியாகுமரி மாணவி மருதையாற்றையும், நாங்கள் அவள் ஊர்க் குளத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் புத்தகத்தைத் தூக்க ஒரு கூலியாள் தேவைப்படுவார். ஆகவே எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நியாயமே.

ஆனால் "பொது" என்ற சொல்லும் "சுமை" என்ற சொல்லும் வசதியானவை. டில்லியில் உள்ள தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022, 2023-ஆம் ஆண்டுகளில் தன் பாடநூல்களிலிருந்து பல பகுதிகளை நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய ஒரு பாடம் முழுவதும் அதில் போயிற்று. மாணவரின் சுமையைக் குறைக்கவே என்று காரணம் சொல்லப்பட்டது. நாடெங்கும் வரலாற்று அறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், தலையங்கங்கள் வந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஒன்று மட்டும் எங்களுக்குத் தோன்றியது. புத்தகத்தில் இருந்ததை எடுத்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. என்றுமே புத்தகத்துக்குள் வராததற்காக யார் வாதாடுவார்?

பாடநூல் பேசாமல் இருந்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை, சினிமா வந்து பேசுகிறது. அரியலூரிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போகிறவர்கள் கீழப்பழுவூரைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கிருந்து பழுவேட்டரையர் என்ற குறுநில மன்னர்கள் ஆண்டார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தது. அதைப் பார்த்த நாள் முதல் எங்கள் வகுப்பில் பழுவேட்டரையர் என்றால் சோழருக்கு எதிராகச் சதி செய்த கிழவர். பழுவூரிலிருந்து வரும் தோழியை "சதிகாரி வந்துவிட்டாள்" என்று கேலி செய்யாத நாள் இல்லை. அவளும் சிரித்துக் கொள்வாள்.

கல்வெட்டும் செப்பேடும் சொல்வது வேறு. பராந்தக சோழனுக்காக வேளூர்ப் போரில் பாண்டியரையும் ஈழப் படையையும் எதிர்த்து நின்றவர்களில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனும் ஒருவர். அந்தப் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். அப்படியானால் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் கொள்ளுப்பாட்டி நம் பழுவூர்ப் பெண்! கீழையூரில் அந்த மரபினர் எடுத்த இரட்டைக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கல்கி எழுதியது கதை. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. கதையைச் சரித்திரம் என்று எடுத்துக் கொள்ளாமல் இருக்க, சரித்திரத்தையும் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

பெண்கள் பள்ளியில் படிக்கிறவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பியன் மாதேவி மழவரையர் குலத்துப் பெண். கண்டராதித்த சோழனின் தேவி. இளம் வயதில் கணவனை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பெண் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ பல ஊர்களில் செங்கல்லாக இருந்த கோயில்களைக் கருங்கல்லால் எடுப்பித்தார். அவர் பெயரால் ஒரு பேரேரி கண்டராதித்தத்தில், திருமானூர்ப் பக்கத்தில் இருக்கிறது. ஏரியைப் பார்த்திருக்கிறோம், அந்தப் பெயரைப் பெயர்ப்பலகையில் படித்துமிருக்கிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று எந்தத் தேர்விலும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்து வைத்திருப்போம்! மாணவியர் குணம் ஆசிரியைகள் அறியாததா?

கங்கைகொண்ட சோழபுரம் பாடத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏழாம் வகுப்பில் சோழர் பாடத்தில் வருகிறது. ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பினான், புதுத் தலைநகர் கட்டினான், பெரிய ஏரி வெட்டினான் என்று படித்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். 2004-இல் யுனெஸ்கோ அந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக் கொண்டது என்பதும் பொது அறிவுப் போட்டிக்காகத் தெரியும். ஆனால் பாடம் ராஜேந்திரன் காலத்தோடு நின்றுவிடுகிறது. சுமார் 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராக இருந்த ஊரில் இன்று கோயில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

மாளிகைமேட்டில் தொல்லியல் துறையினர் 1980-களிலும், மீண்டும் 2021 முதலும் அகழாய்வு செய்து அரண்மனையின் செங்கல் சுவர்களைக் கண்டிருக்கிறார்கள். கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சீனப் பீங்கான், ஜெயங்கொண்டத்துப் பக்கத்தில்! கடல் வாணிகம் என்று பாடத்தில் வரும் இரண்டு வார்த்தைகளுக்கு அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக் காட்டினால் எப்படி இருக்கும்?

கோயில் மதிலின் கதை இன்னும் வேதனை. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். அதற்குக் கருங்கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதிலை உடைத்துக் கல்லை எடுத்துக் கொண்டு போனார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள் என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது என்றும் பழைய குறிப்புகளில் உள்ளது. காட்டன் துரையை உழவர்கள் போற்றுகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. கீழணைத் தண்ணீர் பாயாவிட்டால் கடலூர், மயிலாடுதுறைப் பக்கத்து வயல்கள் பல கரம்பாகிவிடும். அப்படியானால் மதிலை உடைத்தது சரியா, தவறா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மதிய உணவு வேளை முழுவதும் வாதாடினோம். இரண்டு கட்சியாகப் பிரிந்தோம், முடிவுக்கு வரவில்லை. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுத முடியாத இத்தகைய கேள்விதான் உண்மையான சரித்திரக் கேள்வி என்று எங்களுக்குப் படுகிறது.

பெரம்பலூர்த் தோழியர் கோபித்துக் கொள்ளக் கூடாது. சென்னை நெடுஞ்சாலையில் பேருந்து ஜன்னலிலிருந்து தெரியும் ரஞ்சன்குடிக் கோட்டையும், பக்கத்து வாலிகண்டபுரமும் கர்நாடகப் போர்களில் பங்கு கொண்டவை. 1751-இல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சியை நோக்கி ஓடிற்று. அதன் பிறகு சில வாரங்களிலேயே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். ஆற்காடு எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஓடிய இடம் வழியில் தேநீர் குடிக்க நிற்கும் இடமாக இருக்கிறது.

சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றி ஒரு சொல். பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடப்பதை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் கண்டார். நம் பகுதி ஒரு காலத்தில் கடல். அதனால்தான் இங்கே சுண்ணாம்புக்கல், அதனால்தான் இங்கே சிமெண்ட் ஆலைகள். 1862-இல் பிளான்போர்ட் என்ற ஆங்கிலேயர் இப்பகுதிப் பாறை அடுக்குகளை வகுத்து, ஒரு தொகுதிக்கு அரியலூரின் பெயரையே வைத்தார். உலகெங்கும் புவியியல் படிப்பவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். எங்களில் பலருடைய அப்பாக்கள் சிமெண்ட் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இந்தப் பள்ளிக்கு வருகிறோம், ஆகையால் ஆலை வேண்டாம் என்று நாங்கள் எழுதப் போவதில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லோடு கல்லாக எத்தனை சங்குகளும் நத்தைகளும் அரைபட்டுப் போகின்றன! பார்த்தவுடன் இது என்னவென்று தெரிகிற கண் ஒரு லாரி ஓட்டுநருக்கு இருந்தாலும் போதும், ஒன்றிரண்டு வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடம்தான் கொடுக்க வேண்டும். இது வரலாறா பூகோளமா என்று எந்த ஆசிரியை எடுப்பது என்ற சிக்கல் வரலாம். இருவரும் சேர்ந்து எடுக்கட்டுமே.

நிற்க. ஊர்ச் சரித்திரம் என்றால் ஊர்ப் பெருமை பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் இரண்டு ஆபத்துகளை நாங்கள் காண்கிறோம்.

ஒன்று, செவிவழிக் கதையையும் சான்றையும் குழப்பிக் கொள்வது. இதில் நம்மையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குத் திருயாத்திரை போகாத குடும்பம் நம்மில் குறைவு. வீரமாமுனிவர் அங்கே வாழ்ந்தார். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், திருக்காவலூர் என்று தாம் பெயரிட்ட இவ்வூரில் இருந்து தமிழ் வளர்த்தார். சதுரகராதி 1732-இல் முடிந்தது. தேம்பாவணி எங்கள் தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று நாம் காட்டும் வேற்றுமை அவர் செய்த திருத்தம் என்று இலக்கண ஆசிரியை சொல்லித் தந்தார். இவையெல்லாம் நூல்களைக் கொண்டு காட்டக் கூடியவை. அரியலூர் ஜமீன்தாரின் கட்டியை முனிவர் பச்சிலையாலும் செபத்தாலும் குணமாக்கினார், அதற்காகவே நிலம் கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நாங்கள் அதை நம்புகிறோம், பக்தியோடு கேட்கிறோம். ஆயினும் வரலாற்று ஏட்டில் எழுதும்போது, "இது நூலில் உள்ளது", "இது வழக்கில் உள்ளது" என்று இரண்டையும் இரண்டு பத்தியாக எழுதுவதுதான் முறை. அதனால் பக்தி குறைந்துவிடாது.

இரண்டாவது ஆபத்து பெரியது. எங்கள் மன்னர், எங்கள் குலம் என்று ஒவ்வொருவரும் ஒரு கொடியைத் தூக்கிக் கொண்டு கிளம்புவது. இப்போதே சுவரொட்டிகளில் பார்க்கிறோம். ராஜராஜன் எந்தச் சாதி என்று பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள். அவன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலே, ஊர் நிலத்தைக் கணக்கெடுக்கும்போது "தீண்டாச்சேரி" என்று ஒரு சொல் வருகிறது. பெரிய கோயிலின் உயரத்தைப் படிக்கும் மாணவி அந்தச் சொல்லையும் படிக்க வேண்டும். நம் திருச்சபையும் இதற்கு விலக்கல்ல. நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக அமரும்படி கோயிலுக்குள்ளேயே சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஊரின் பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதினால், இன்று பாடநூல் எங்களுக்குச் செய்வதை நாளை நாங்கள் எங்கள் ஊரில் உள்ள எளியவர்களுக்குச் செய்தவர்களாவோம். எந்தத் தெரு ஊருக்கு வெளியே இருந்தது, எப்போது எந்தப் பிள்ளை முதல்முதலாகப் பள்ளிக்கு வந்தது, உடையார்பாளையத்துத் தறிக்காரர்கள் நெய்த சேலையை யார் உடுத்தினார்கள், அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும்.

சரி, என்னதான் கேட்கிறீர்கள் என்று பெற்றோர் கேட்கக் கூடும். ஒரே ஒரு பாடம் கேட்கிறோம். பத்தில் ஒன்றை அச்சடிக்காமல் விட்டுவிட்டு, "உங்கள் மாவட்டம்" என்று தலைப்பு மட்டும் போட்டுக் கொடுக்கட்டும். அதை அந்தந்தப் பள்ளியில் ஆசிரியையும் மாணவியரும் சேர்ந்து எழுதட்டும். பொதுத்தேர்வில் கேள்வி வேண்டாம், பள்ளி அளவில் செய்முறை போல மதிப்பெண் இருந்தால் போதும். மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு என்ன கதி ஏற்படும் என்று எங்கள் நீதிபோதனை வகுப்பைக் கணக்கு ஆசிரியை கடன் வாங்கும்போதெல்லாம் பார்க்கிறோம்.

இடம் எங்கே என்பார்கள். எதை நீக்குவது என்று சொல்லாமல் எதைச் சேர்ப்பது என்று மட்டும் சொல்வது சோம்பேறித்தனம், ஆகவே சொல்லிவிடுகிறோம். நேட்டோ, சீட்டோ, சென்டோ, வார்சா என்ற ஒப்பந்தங்களில் யார் யார் உறுப்பினர், எந்த ஆண்டு சேர்ந்தார்கள் என்ற பட்டியலைக் குறைக்கலாம். யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையையும் ஹிரோஷிமாவையும் ஒரு வரிகூடக் குறைக்கக் கூடாது. முதல் மூன்று பாடங்களை இரண்டாகச் சுருக்க முடியும் என்பது, அவற்றை மூன்று முறை திருப்புதல் செய்த எங்கள் தாழ்மையான கருத்து.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிறது. அங்கே மாணவ மாணவியர் கல்வெட்டுப் படிக்கவும் பானை ஓட்டை அடையாளம் காணவும் பழகுகிறார்கள். கீழடியை எடுத்துக் கொள்ளுங்கள். மத்திய தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது 2015-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1970-களில், அங்கே மண்ணில் கிடைத்த பழம்பொருள்களை மாணவர் மூலம் அறிந்து அக்கறையோடு சேர்த்து வைத்து, உரியவர்களுக்குத் தெரிவித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இன்று கீழடி தமிழகம் முழுவதற்கும் பாடம். ஜப்பான் நாட்டிலே மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சமூகப் பாடத்தைத் தங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்களாம். நாம் பத்தாம் வகுப்பிலாவது ஊருக்கு வந்து சேரக் கூடாதா?

இப்போதுள்ள நூல்கள் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டவை. மறுபடியும் எழுதப்படும்போது நாங்கள் கல்லூரியிலோ வேலையிலோ இருப்போம். அதுவரை காத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறோம். கல்மரம் காத்திருக்கும். கீழையூர்க் கோயில் காத்திருக்கும். 1956-இல் மருதையாற்றங்கரையில் பத்து வயதுப் பிள்ளையாக நின்று பார்த்தவர்களுக்கு இன்று எண்பது வயது.

ஆகவே மதர் அவர்களிடமும் சிஸ்டர்களிடமும் எங்கள் வேண்டுகோள்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், நூலக அறையும், பூட்டு உள்ள ஓர் அலமாரியும் எங்களுக்குத் தர வேண்டும். பெற்றோரிடம் கேட்பது: வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம், அரியலூர், கல்லகம், சில்லக்குடிப் பக்கத்து உறவினரிடம், அந்த விடியற்காலையைப் பற்றிக் கேட்டு வையுங்கள். நேரில் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். பழைய புகைப்படம், கடிதம், ரயில் டிக்கெட் எது இருந்தாலும் கொடுங்கள், படியெடுத்துக் கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளில் கையெழுத்து அழகாக உள்ளவர்கள் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் முதல் நோட்டை ஆரம்பிக்க எண்ணியுள்ளோம்.